அசையாமல் ஒரு நிமிடம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் 'தப்ளோ' என்றால் கரும்பலகை. "ஓ தப்ளோ!" என்று முசியே கூப்பிட்டால் எழுந்து போய்ச் சாக்கட்டியைக் கையில் எடுக்க வேண்டும். கணக்கு வராதவனுக்கு அடிவயிறு கலங்கும். பிற்பாடு அரசு உத்தியோகத்தில் சேர்ந்தபோது பழைய பிரெஞ்சுக் கோப்புகளில் அதே சொல் வேறு வேடத்தில் வந்து நின்றது. பதவி உயர்வுப் பட்டியலுக்கு 'தப்ளோ தவான்ஸ்மான்' என்று பெயர். அந்தத் தப்ளோவில் நம் பெயர் ஏறுமா ஏறாதா என்று அப்போதும் அடிவயிறு கலங்கத்தான் செய்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில், 1961இல், மூன்றாவது தப்ளோ ஒன்றைத் தெரிந்துகொண்டேன். எனக்கு அப்போது பதினொரு வயது. பரிசளிப்பு விழாவுக்கு இந்த ஆண்டு 'தப்ளோ விவான்' போடப்போகிறோம் என்று முசியே அறிவித்தார். 'விவான்' என்றால் உயிருள்ள என்று பொருள். உயிருள்ள கரும்பலகையா என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் சிரித்துவிட்டு விளக்கினார். பிரெஞ்சு மொழியில் ஓவியத்துக்கும் தப்ளோதான் பெயர். மேடையில் திரை விலகும். பிரபலமான ஒரு ஓவியத்தில் யார் யார் எப்படி எப்படி இருக்கிறார்களோ அப்படியே நிஜ மனிதர்கள் உடை உடுத்தி, நிலை எடுத்து நிற்பார்கள். பேச்சு கிடையாது, அசைவு கிடையாது. வயலினோ ஆர்மோனியமோ மெல்ல ஒலிக்கும். ஒரு நிமிடம் கழித்துத் திரை மூடிவிடும். அவ்வளவுதான் நாடகம்.

எங்களுக்குக் கிடைத்த ஓவியம் மிய்யே வரைந்த 'லான்ஜெலூஸ்'. சாயங்கால மணியோசை கேட்டதும், உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த குடியானவனும் அவன் பெண்சாதியும் வேலையை நிறுத்திவிட்டுத் தலை குனிந்து மூவேளைச் செபம் சொல்கிற படம். குடியானவனாகத் தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றவன் நான். திரைக் கயிற்றை இழுத்தவன் என் சிநேகிதன். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த நேரத்தில் நான் தேடித் தேடிப் படித்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

மத்தியகால ஐரோப்பாவில் அரசர் ஊருக்குள் வரும்போது தெருவோரம் மேடை கட்டி, விவிலியக் காட்சிகளில் ஆட்களை அசையாமல் நிறுத்தி வரவேற்கும் வழக்கம் இருந்தது. ஆனால் குறிப்பிட்ட ஒரு ஓவியத்தைப் பார்த்து அதையே மேடையில் நிறுத்திக் காட்டியதற்குப் பாரீசில் 1761இல் நடந்ததைத்தான் முதலாவதாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு லூவ்ர் அரண்மனைக் கண்காட்சியில் கிரேஸ் என்ற ஓவியர் கிராமத்துக் கல்யாண நிச்சயம் ஒன்றை வரைந்து வைத்தார். கிழத் தகப்பன் கையை விரித்து மருமகனிடம் பேசுகிறான். சீதனப் பணப்பை இப்போதுதான் கைமாறியிருக்கிறது. மணப்பெண் கண்ணைத் தாழ்த்திக்கொண்டிருக்கிறாள். தாயார் பெண்ணின் கையை விடமாட்டேன் என்கிறாள். தரையில் ஒரு கோழி குஞ்சுகளோடு மேய்கிறது. மொத்தம் பன்னிரண்டு பேர். என் கண் மட்டும் படத்தின் வலது ஓரத்துக்குத்தான் போகும். அங்கே நொத்தேர் பத்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். இத்தனை பேர் உணர்ச்சிவசப்பட்டு நிற்கையில் காகிதத்தை ஒழுங்காகக் கவனிக்கிற ஆள் அவர் ஒருவர்தான். குமாஸ்தா புத்தி!

அந்தப் படத்தைப் பார்க்கக் கூட்டம் நெரிந்தது. பாரீசில் இருந்த இத்தாலிய நாடகக் குழுவில் கார்லோ பெர்த்தினாசி என்று ஒரு கோமாளி நடிகர் இருந்தார். அவர் அதே ஆண்டு 'ஆர்லெக்கின் கல்யாணம்' என்ற நாடகத்தைப் போட்டபோது, நடுவில் நடிகர்கள் அத்தனை பேரும் அந்த ஓவியத்தில் உள்ளபடியே நின்றுவிட்டார்கள். ஓவியத்தைப் பார்த்திருந்த ஜனங்களுக்கு அதைக் கண்டுகொண்டதே பெரிய ஆனந்தம்.

தத்துவ ஆசிரியர் திதரோ இதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, 1757இல், நாடக மேடையில் திடீர்த் திருப்பங்களைவிட ஓவியம் போல் அமைந்த காட்சிகளே மேல் என்று எழுதியிருந்தார். நடிகர்கள் வரிசையாக முன்னே வந்து நின்று வசனம் ஒப்பிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கிரேசின் படத்தையும் அவர் வாயாரப் புகழ்ந்தார். ஆகவே இந்த விளையாட்டுக்குப் பின்னால் ஒரு சிந்தனையும் இருந்தது.

அடுத்து வந்தவர் மதாம் தெ ழான்லி. ஓர்லேயான் பிரபுவின் பிள்ளைகளுக்கு ஆசிரியை. அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் பிற்காலத்தில் பிரெஞ்சு அரசராகிய லூயி பிலிப். சரித்திரக் காட்சிகளில் பிள்ளைகளை நிறுத்தி வைத்து, இது எந்தக் காட்சி என்று மற்றவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்வது அந்த அம்மையார் கையாண்ட பாடமுறை. ஓவியர் தவித் வந்து பிள்ளைகளை நிறுத்திக் கொடுத்தார் என்று தம் நினைவுக் குறிப்புகளில் அவரே சொல்கிறார். அரண்மனைப் பிள்ளைகளிடமிருந்து இறங்கி இறங்கி இரண்டு நூற்றாண்டுகளில் அது எங்கள் பள்ளி மேடைக்கு வந்து சேர்ந்தது என்று எண்ணிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆனால் அசையாமல் நிற்பது படிப்புக்கும் பொழுதுபோக்கும் மட்டும் பயன்பட்டதா? இந்தக் கதையில் என்னை மிகவும் பாதித்தவள் எம்மா. 1765இல் இங்கிலாந்தில் செஷர் பகுதியில் ஒரு கொல்லன் மகளாகப் பிறந்தவள். வேலைக்காரியாக லண்டனுக்குப் போனாள். அழகு அவளைப் பல கைகளுக்கு மாற்றியது. கிரெவில் என்ற பிரபு வீட்டுப் பிள்ளை அவளைச் சிலகாலம் வைத்திருந்தான். பணக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்ள நினைத்தபோது அவளை நேப்பிள்சில் ஆங்கிலத் தூதராக இருந்த தன் மாமன் ஹாமில்டனிடம் அனுப்பிவைத்தான். விருந்துக்குப் போகிறோம் என்று எண்ணித்தான் அவள் 1786இல் அங்கே போய் இறங்கினாள்.

ஹாமில்டன் பழங்காலக் கிரேக்கக் கலயங்களைச் சேகரிப்பவர். ஒரு தொகுதியை ஏற்கெனவே பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்றிருந்தார். கலயங்களில் தீட்டியிருந்த உருவங்களைப் போல எம்மா நின்று காட்டத் தொடங்கினாள். இரண்டு மூன்று சால்வைகள் மட்டும் கையில். அவற்றைத் தோளில் போட்டால் ஒரு தேவதை, தலையை மூடினால் துக்கம் கொண்டாடும் தாய், உதறி விரித்தால் களிவெறி கொண்ட பெண். ஒவ்வொரு நிலையிலும் சில விநாடிகள் சிலையாக நிற்பாள். பிறகு அடுத்தது. 1787இல் நேப்பிள்ஸ் வந்த கெதே அதைப் பார்த்துவிட்டு வியந்து எழுதினார். ஹாமில்டன் வீட்டில் அவர் கண்ட இன்னொரு பொருள் எனக்கு மறக்கவே மறக்காது. ஆள் உயரத்துக்கு நிறுத்தி வைத்த ஒரு பெட்டி. முன்பக்கம் திறப்பு, உள்ளே முழுக்கக் கறுப்பு வர்ணம், சுற்றிலும் தங்க முலாம் பூசிய சட்டம். அதற்குள் எம்மா நிற்க வேண்டியது, வெளியே இருந்து பார்க்க வேண்டியது. கலயங்களை வைக்கும் அலமாரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹாமில்டன் 1791இல் அவளைக் கல்யாணமே செய்துகொண்டார். அவள் நிற்கும் நிலைகளை ரெபர்க் என்ற ஓவியர் வரைய, 1794இல் அது புத்தகமாகவும் வந்தது. ஐரோப்பா முழுவதும் பிரபுக்கள் வீட்டுப் பெண்கள் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்கள். பிறகு நெல்சனோடு ஏற்பட்ட உறவு எல்லோருக்கும் தெரிந்த கதை. தமக்குப் பின் அவளைத் தேசம் காப்பாற்ற வேண்டும் என்று நெல்சன் எழுதிவைத்துவிட்டுத்தான் 1805இல் போரில் மடிந்தார். தேசம் காப்பாற்றவில்லை. கடன் வழக்கில் பிடிபட்டு, பிரான்சுக்குத் தப்பி ஓடி, 1815 ஜனவரியில் கலே நகரில் ஏழையாக அவள் இறந்தாள். கறுப்புப் பெட்டிக்குள் நின்றபோது கைதட்டாதவர் கிடையாது.

நேப்பிள்சில் பார்த்ததைக் கெதே மறக்கவில்லை. 1809இல் அவர் எழுதி வெளியிட்ட ஒரு நாவலில், மாளிகை ஒன்றில் விருந்தினர்கள் மூன்று ஓவியங்களை இப்படி நிறுத்திக் காட்டுகிறார்கள். அவற்றில் ஒன்று டச்சு ஓவியர் தெர்போர்க்கின் படம். தகப்பனார் உட்கார்ந்தபடி மகளுக்குப் புத்தி சொல்கிறார். வெள்ளைப் பட்டு உடுத்திய மகள் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். அவள் முகம் படத்திலேயே தெரியாது. நாவலில் அவளாக நிற்கிற பெண் பேரழகி. எவ்வளவு நேரம் கழுத்தையும் சடையையும் மட்டுமே பார்ப்பது? பொறுமை இழந்த ஒருவன், புத்தகப் பக்கத்தின் அடியில் போடுவார்களே, 'பக்கத்தைத் திருப்பவும்' என்று, அதைப் பிரெஞ்சு மொழியில் உரக்கக் கூவிவிடுகிறான். எல்லோரும் சேர்ந்து கூவுகிறார்கள். அவள் திரும்பவில்லை.

எங்கள் அலுவலகப் பழங்கோப்புகளில் தாளின் அடியில் 'தெ எஸ் வே பே' என்று நான்கு எழுத்துகள் இருக்கும். அதன் விரிவு இதே 'தயவுசெய்து திருப்பவும்' தான். கெதேயைப் படித்த பிறகு அந்த நான்கு எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் முதுகு காட்டி நிற்கும் அந்தப் பெண் நினைவுக்கு வந்துவிடுவாள். பார்க்கிறவனுக்கு எவ்வளவு அதிகாரம் வந்துவிட்டது பாருங்கள். ஓவியத்தையே திரும்பு என்று அதட்டுகிறான். திரும்பாமல் நிற்பது ஒன்றுதான் அவளிடம் மிச்சமிருந்த அதிகாரம்.

நெப்போலியனை வீழ்த்திவிட்டு 1814இல் ஐரோப்பிய அரசர்கள் வியன்னாவில் கூடியபோதும் மாலைக் கேளிக்கைகளில் தப்ளோ விவான் இருந்தது. பிறகு அது நடுத்தரக் குடும்பங்களின் கூடங்களுக்கு இறங்கியது. அதற்கென்று கைப்புத்தகங்கள் வந்தன. தொழில் நுணுக்கம் சிலவற்றைச் சொல்ல வேண்டும். மேடை வாயிலில் பெரிய தங்கச் சட்டம் ஒன்றை நிறுத்துவார்கள். அதன் மேல் மெல்லிய சல்லாத்துணியை இழுத்துக் கட்டுவார்கள். அது முகங்களின் கூர்மையைக் குறைத்து, எண்ணெய் வர்ணத்தின் பூச்சு போன்ற ஒரு தோற்றம் தரும். விளக்கைப் பக்கவாட்டில் ஒளித்துவைக்க வேண்டும், நேர் எதிரே வைத்தால் சல்லாத்துணிதான் தெரியும். நீட்டிய கைக்குக் கீழே பார்வைக்குத் தெரியாமல் முட்டு கொடுப்பதும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் லகூனா பீச்சில் 1930களில் தொடங்கிய இத்தகைய விழா இன்றும் ஆண்டுதோறும் கோடையில் நடக்கிறது. அங்கே உடையின் மடிப்பையும் நிழலையும்கூடத் துணியிலேயே வர்ணத்தால் தீட்டி, ஆளைத் தட்டையாக்கிவிடுகிறார்கள். ஒன்றரை நிமிடம் நிற்க வேண்டும். ஊர்க்காரர்களே சம்பளம் வாங்காமல் நிற்கிறார்கள். கடைசிக் காட்சி வழக்கமாக லியோனார்தோவின் இராப்போசனம்.

பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பணக்காரர்கள் இதை என்ன செய்தார்கள் என்பதை ஸொலா தம் 'லா கியூரே' நாவலில் காட்டுகிறார். 1872இல் புத்தகமாக வந்தது. சக்கார் என்பவன், பாரீசை இடித்துக் கட்டிய காலத்தில் நிலம் வாங்கி விற்றுக் கொழுத்தவன். அவன் மாளிகையில் மாறுவேட நடனம், அதற்கு முன் மூன்று தப்ளோ. கதை நார்சிஸ் என்ற அழகனும் எக்கோ என்ற வனதேவதையும். நார்சிஸாக நிற்பவன் சக்காரின் மகன். எக்கோவாக நிற்பவள் சக்காரின் இளம் மனைவி, அதாவது அந்தப் பையனுக்குச் சிற்றன்னை. இருவருக்கும் கூடாத உறவு. பார்க்கிறவர்களில் பலருக்கு அது தெரியாது.

இரண்டாவது தப்ளோவில் செல்வத்தின் தேவன் குகையிலே உட்கார்ந்திருக்கிறான். சுற்றிலும் 20 பிராங்க் தங்கக் காசுகள் கொட்டிக் கிடக்கின்றன. புராணத்தில் ஏது 20 பிராங்க்? ஆனால் கூட்டத்துக்கு அந்தக் காட்சிதான் உயிர். ஒருகாலத்தில் கொத்தனாராக இருந்து ஒப்பந்தக்காரர்களான இரண்டு பேர் அதைப் பார்த்து மெய்ம்மறக்கிறார்கள். மூன்றாவது தப்ளோவில் எக்கோ துயரத்தால் கல்லாக இறுகிக்கொண்டிருக்கிறாள். மேடையில் அவள் கல்லாக நிற்கும் அதே இரவில்தான் புருஷன் அவளுடைய சீதன நிலத்தைக் கைப்பற்றும் ஏற்பாட்டை முடிக்கிறான். நாவலை இரண்டு முறை படித்திருக்கிறேன். பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற பகுதி எந்தப் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் நடக்கக்கூடியது.

ஆங்கிலேயர் விஷயம் வேறு மாதிரி. லண்டனில் விண்ட்மில் தியேட்டர் என்று ஒரு சின்ன அரங்கு. உரிமையாளர் ஹெண்டர்சன் என்ற விதவை மூதாட்டி, நிர்வாகி வான் டாம். 1932 முதல் தொடர்ச்சியாகக் கதம்ப நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். கூட்டம் வர வேண்டுமே என்று ஆடையில்லாத பெண்களை மேடையில் நிறுத்தும் யோசனை வந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் எந்த நாடகத்துக்கும் லார்ட் சேம்பர்லேன் என்ற அரண்மனை அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆடையில்லாத சிலைகள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றனவே, அவற்றை யாரும் ஆபாசம் என்பதில்லையே என்று வாதாடி அனுமதி பெற்றார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: அசையக் கூடாது. அசையாதவரை கலை, அசைந்தால் குற்றம். ஒரு பெண்ணுக்குத் தும்மல் வந்தால் சட்டமீறல்! அரசாங்க விதிகளோடு முப்பத்தைந்து ஆண்டுகள் குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடத் துல்லியமான, இதைவிட அபத்தமான விதியை நான் கண்டதில்லை. போர்க்காலத்தில் குண்டு விழும்போதும் அந்த அரங்கம் நடந்தது. 1964இல் மூடினார்கள். நான்கு ஆண்டுகளில் அந்தத் தணிக்கை அதிகாரமே ஒழிக்கப்பட்டது.

நம் நாட்டில் இந்தச் சொல் இரண்டு வாசல் வழியாக வந்தது. பார்சி நாடகக் குழுக்கள் அங்கம் முடியும்போது நடிகர்களை அப்படியே உறையவைத்துத் திரையை இறக்குவதற்கு 'டேப்லோ' என்றார்கள். குடியரசு தினத்தன்று தில்லியில் ஊர்ந்துபோகும் அலங்கார ஊர்திக்கும் அதே பெயர்தான்.

இத்தாலியில் பசோலினி 1963இல் எடுத்த 'லா ரிகோத்தா' என்ற குறும்படத்தை என் மகள் வீட்டில் கணினியில் பார்த்தேன். படத்துக்குள் ஒரு படம் எடுக்கிறார்கள். இயேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கும் இரண்டு புகழ்பெற்ற ஓவியங்களை நடிகர்களைக் கொண்டு அப்படியே நிறுத்துகிறார் இயக்குநர். அவராக நடிப்பவர் ஆர்சன் வெல்ஸ். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தக் காட்சிகள் மட்டும் வர்ணத்தில் ஜொலிக்கும். நிற்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது, ஒருவன் மூக்கைக் குடைகிறான், தவறான இசைத்தட்டு சுழல்கிறது. அந்தக் கும்பலில் நல்ல கள்ளனாகச் சிலுவையில் தொங்க வந்த துணை நடிகன் ஒருவன். தனக்குக் கொடுத்த மதியச் சாப்பாட்டைப் பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடக்கிறான். பிறகு எப்படியோ காசு தேற்றிப் பாலாடைக் கட்டி வாங்கி, ஆவேசமாகத் தின்று, சிலுவையில் மாட்டியபடியே செத்துப்போகிறான். வசனம் சொல் என்று கத்துகிறார்கள். அவன் அசையவில்லை. மதத்தை அவமதித்தார் என்று பசோலினிக்கு 4 மாதச் சிறை விதித்தது நீதிமன்றம், பிறகு மேல்முறையீட்டில் தப்பினார். படத்தைப் பார்த்த எனக்கு அந்தத் துணை நடிகனைவிட பக்தியான ஆள் யாரும் அதில் தென்படவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்த இரவில்தான் திரைக் கயிற்றை இழுத்தவன் நினைவு வந்தது. பெயர் வேண்டாம். வைத்திக்குப்பத்துப் பையன், தகப்பனார் கட்டுமரத்தில் போகிறவர். கணக்கில் புலி. குடியானவன் வேடத்துக்கு முசியே முதலில் தேர்ந்தெடுத்தது அவனைத்தான். ஒத்திகையில் அவன் நின்றால் நின்றதுதான். கண் இமைகூட ஆடாது. எப்படிடா என்று கேட்டதற்கு, "மூச்ச வயித்துல வாங்கு. கண்ணு கூசினா எதிர்ச் சுவத்துல ஒரு ஆணி இருக்கு பாரு, அதையே பாத்துக்கிட்டு இரு. தூண்டில் போட்டா இப்படித்தான் நிக்கணும்" என்றான்.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் விளக்கெல்லாம் போட்டுக் கடைசி ஒத்திகை. முசியே கீழே நின்று பார்த்தார். முகம் தெரியவில்லை என்றார். முத்துவெள்ளை பூசிப் பார்த்தார்கள். முகம் வெளுத்தது, கழுத்தும் கையும் கறுப்பாகவே இருந்தன. "இவன் பிரான்சு தேசத்துக் குடியானவன், இந்த நிறத்தில் எப்படி?" என்று சொல்லிவிட்டு, சுற்றிலும் பார்த்து என்னைக் கூப்பிட்டார். நான் அவனைவிட இரண்டு மாற்று வெளுப்பு. அவனிடமிருந்து தொப்பியை வாங்கி என்னிடம் கொடுத்தார். அவனுக்குத் திரைக் கயிறு. அறுபது எண்ணிவிட்டு மூட வேண்டியது அவன் வேலை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்று மட்டும் எழுதினால் அது முழு உண்மை ஆகாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

விழா அன்று திரை விலகியது. முன்வரிசையில் பெரிய மனிதர்கள், அவர்களுக்குப் பின்னால் என் அப்பா. ஆர்மோனியம் ஆரம்பித்தது. எதிர்ச் சுவர் ஆணியைத் தேடினேன், கிடைக்கவில்லை. பாதியில் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கம் மேலே ஏறிக் கைக்கு வந்து தொப்பி ஆடியது. முன்வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொள்வது தெரிந்தது. சிரிப்பு வெடிப்பதற்கு ஒரு கணம் முன்னால் திரை மூடிவிட்டது. கைதட்டல் பிரமாதம். மேடைக்குப் பின்னால் முசியே அவன் காதைத் திருகினார். அறுபது வரை எண்ணத் தெரியாத முட்டாள் என்று எல்லோர் முன்னாலும் ஏசினார். அவன் என்னைப் பார்க்கவுமில்லை, பதில் சொல்லவுமில்லை. நான் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது மட்டும் நன்றாகவே அசையாமல் நின்றேன்.

அவன் பிற்பாடு பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்தான். இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு மர்சேயில் பேரன் பேத்தியோடு இருக்கிறான். எப்போதாவது வாட்ஸ்அப்பில் பேசுவோம். இந்த விஷயத்தை மட்டும் இருவரும் பேசியதில்லை.

2018இல் மகள் வீட்டுக்குப் பாரீஸ் போயிருந்தேன். ஓர்சே அருங்காட்சியகத்தில் 'லான்ஜெலூஸ்' இருக்கிறது என்று தெரியும். பெரிய படமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனவன், முதலில் அதைக் கடந்தே போய்விட்டேன். உயரம் 55 சென்டிமீட்டர், அகலம் 66. அவ்வளவுதான். மிய்யே அதை விற்றது 1000 பிராங்குக்கு. அவர் காலமாகிப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1889இல் நடந்த ஏலத்தில் அது 5 லட்சத்து 53 ஆயிரம் பிராங்குக்குப் போய் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஷோஷார் என்ற பாரீஸ் வியாபாரி இன்னும் அதிகம் கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தார். ஓவியரின் குடும்பத்துக்கு அதில் ஒரு காசு கிடையாது. மறுவிற்பனையில் ஓவியருக்கோ வாரிசுக்கோ பங்கு உண்டு என்று பிரான்சில் 1920இல் சட்டம் வந்ததற்கு இந்தப் படத்தையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

படத்தின் எதிரே இருந்த பெஞ்சியில் உட்கார்ந்தேன். முட்கரண்டி மண்வெட்டி, கூடை, மூட்டை ஏற்றிய ஒற்றைச் சக்கரவண்டி, அடிவானத்தில் ஷைய் கிராமத்துக் கோயில் கோபுரம். எங்கள் மேடையில் கோபுரத்தை அட்டையில் வெட்டி ஒட்டியிருந்தோம். பிறகு எழுந்து கிட்டே போய் அந்தக் குடியானவனைப் பார்த்தேன். சூரியன் அவர்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் முழுக்க வானத்திலும் அவன் முதுகுப் பக்கத்திலும்தான். குனிந்த முகம் நிழலில் கறுத்துக் கிடக்கிறது. கண் எது, மூக்கு எது என்று சரியாகப் பிரிக்க முடியவில்லை. முகம் தெரியவே இல்லை.

கைபேசியில் ஒரு படம் எடுத்தேன். முகம் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கி இன்னொரு படம். இரண்டையும் அவனுக்கு அனுப்பினேன். கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல், 'ஓர்சேயில் இருக்கிறேன்' என்று மட்டும் எழுதினேன்.

மெத்ரோவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது பதில் வந்தது.

"முப்பத்தெட்டு வரைக்கும் எண்ணினேன்டா. அதுக்கு மேல உன் தொப்பி தாங்காதுன்னு தெரிஞ்சிடுச்சு."